யார் சட்டையை மாற்றுவது?

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு உதைபந்தாட்டப் போட்டிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பரிசு கொடுக்க! பழைய செயலாளர், தலை நரைத்தவர், பேச்சைச் சுருக்கமாக முடிப்பவர்... இந்தத் தகுதிகள் போதும் போலிருக்கிறது.

போய்ப் பார்த்தால் ஆட்டம் தொடங்கவேயில்லை. நேரம் தாண்டி அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. என்ன பிரச்சினை? இரண்டு அணியும் சிவப்பு. ஒரே சிவப்பு. யார் யாருடைய ஆள் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

"எங்கட கழகம் தொடங்கின நாள் தொட்டு சிவப்புத்தான். மாத்த ஏலாது" என்கிறார் மூதூரிலிருந்து வந்த அணியின் தலைவர்.

"நாங்களும் அப்பிடித்தான். வந்த ஆக்கள்தான் மாத்த வேணும். அதுதான் முறை" என்கிறார் உள்ளூர்ச் செயலாளர். வங்கியில் வேலை பார்க்கும் மனிதர். கணக்காகப் பேசுவார்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்னேன்: "வீட்டுக்காரர்தான் மாத்த வேணும்."

உள்ளூர்ச் செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. "எந்தச் சட்டத்தில ஐயா அப்பிடி இருக்கு?"

"ஒண்டிலயும் இல்லை."

மரியாதைக்காக அவருடைய ஆட்கள் வெள்ளைச் சட்டைக்கு மாறினார்கள். ஆட்டமும் நடந்தது. ஆனால் அந்த மனிதர் இப்போது என்னோடு கதைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை சந்தையில் என்னைக் கண்டதும் திரும்பி நின்று வாழைக்குலைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். குற்றம் சொல்ல முடியாது. முறைப்படி அவர் சொன்னதுதான் சரி. நான் சொன்னதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. மைதானத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சொல்லக்கூடிய காரணம் அல்ல அது. இங்கே, உங்களிடம் சொல்லலாம்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளைக்காரனின் கடற்படை இன்னும் நம் துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. நான் டொக்யார்டில் கிளார்க். வயது இருபத்தாறு. பகலில் கந்தோர், பின்னேரத்தில் எங்கள் உதைபந்தாட்டக் கழகம். அதற்கு நான்தான் செயலாளர். அந்த வயதில் ஒருவனுக்குப் பதவி கிடைத்தால் என்னவெல்லாம் ஆகிறான் தெரியுமா? விளையாட்டு விதிகளை நானே தட்டச்சு செய்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்!

எங்கள் நிறம் நீலம். வெள்ளைக் காலர். கிண்ணியா அணியின் நிறம் மஞ்சள். பல வருஷமாக அவர்களோடு விளையாடியிருக்கிறோம், நிறத்தால் ஒரு கரைச்சலும் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை அவர்கள் எங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். அந்த நாளில் கிண்ணியாவிலிருந்து வருவதென்றால் சும்மா இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வரவேண்டும். ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டார்கள். வந்தவர்களைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாரும் நீலம்!

புத்தம் புதுச் சட்டைகள். கடைச் சட்டைகள் அல்ல, அளவெடுத்துத் தைத்தவை. தோள் இறங்காமல், கை சுருங்காமல், ஆளுக்கு ஆள் பொருந்தி நின்றன. எங்கள் சட்டைகளை விட அழகு. அதுவும் என் கோபத்துக்கு ஒரு காரணமோ என்னவோ...

அவர்களுடைய தலைவர் இஸ்மாயில் என்னிடம் வந்தார். என்னை விட நாலைந்து வயது மூத்தவர்; அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். அமைதியான மனிதர். மைதானத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"செக்ரட்டரி, ஒரு உதவி. இண்டைக்கு மட்டும் நீங்க வேற நிறத்துக்கு மாறினா நல்லம்."

"ஏன் நானா? உங்கட மஞ்சள் எங்க?"

"அது கிழிஞ்சு போச்சு. இதுதான் இருக்கு."

எங்களிடம் வேறு சட்டை இல்லாமல் இல்லை. பயிற்சிக்கென்று வைத்திருந்த பழைய வெள்ளைச் சட்டைகள் கழக அறை அலுமாரியில் அடுக்கி இருந்தன. ஐந்து நிமிஷ வேலை. ஆனால் என் கை எங்கே போனது? சட்டைப்பைக்கு. விதித் தாளை விரித்தேன்.

"ஏலாது நானா. இதில தெளிவா இருக்கு. வெளியில இருந்து வாற அணிதான் மாத்த வேணும்."

"தெரியும் செக்ரட்டரி. அதுதான் கேட்டு வந்திருக்கன்."

அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் நின்றார்கள். கோல்காப்பாளருக்குத் தனி நிறம். மற்றப் பத்துப் பேரில் ஒன்பது பேர் நீலம். பத்தாவதாக ஒரு மெலிந்த ஆள், இடதுபுறம் ஓடப் புதிதாக வந்த ஆட்டக்காரர், வெறும் பெனியனோடு நின்றார். அதைக் கண்டதும் எனக்கு ஒரு குஷி. வாதத்தில் வென்றுவிட்டேன் அல்லவா?

"அங்க பாருங்கோ. உங்கட ஆள் ஒருத்தர் பெனியனோடதானே நிக்கிறார். அவர் விளையாடலாமெண்டால் மற்ற ஆக்களும் விளையாடலாம்தானே?" என்றேன். அதோடு விட்டேனா? எங்கள் பொடியன்கள் சுற்றி நின்று கேட்கிறார்களே! "ஏன், அவருக்கு மட்டும் ஜேர்சி தைக்க மறந்துபோனீங்களோ?"

எங்கள் பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

இஸ்மாயில் என்னைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. "மறக்கல்ல, செக்ரட்டரி. தச்சவருக்கு நேரம் கிடைக்கல்ல" என்றார்.

பிறகு திரும்பி, தன் ஆட்களிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். ஒன்பது பேரும் சட்டையைக் கழற்றினார்கள். சும்மா கழற்றி எறியவில்லை. ஒவ்வொருவரும் மடித்து, கொண்டுபோய், மைதான ஓரத்தில் இருந்த ஒரு வயதான மனிதரின் மடியில் வைத்தார்கள். வெள்ளைத் தொப்பி, சாரம், தோளில் ஒரு துவாய். அவர் இஸ்மாயிலின் தகப்பனார் என்று யாரோ சொன்னார்கள்.

ஆட்டம் தொடங்கியது. பெனியன் இருந்தவர்கள் பெனியனோடு, இல்லாதவர்கள் வெறும் மேலோடு. நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம். மூன்றாவது கோல் அடித்த கையோடு நான் துள்ளிக் குதித்தபடி அந்தப் பக்கம் பார்த்தேன். கிழவர் பந்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த சட்டைகளில் மேலாக இருந்ததன் காலரைப் பெருவிரலால் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் இஸ்மாயில் கை கொடுத்தார். "நல்லா விளையாடினீங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்கள். தேத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போனேன். அங்கே ஸ்டோர்ஸில் என்னோடு வேலை செய்த ஹனிபா, கிண்ணியாக்காரர். தினமும் முதலில் சலாம் சொல்கிறவர் அன்றைக்கு முகம் கொடுக்கவில்லை. மத்தியானம் வரை பொறுத்துவிட்டு நானே போய்க் கேட்டேன்.

"என்ன ஹனிபா, என்னோட கோபமோ?"

"யூசுபத் தெரியுமா உங்களுக்கு? இஸ்மாயில்ட தம்பி?"

தெரியும். முன்பு இடதுபுறம் ஓடியவர்; சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரவில்லை. காற்று மாதிரி ஓடுவார். பஜாரில் தையல் மெஷின் போட்டிருந்தார். போன முறை எங்களுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர்.

"அவன் மௌத்தாகி நாப்பது நாள் கழிஞ்சது போன வியாழக்கிழமை. நெருப்புக் காய்ச்சல். பழைய ஜேர்சி எல்லாம் கிழிஞ்சு போச்செண்டு அவன்தான் புதுசு தச்சவன். கடையில எல்லாருக்கும் காணுமான துணி நீலம் மட்டும்தான் இருந்திருக்கு. ஒன்பது பேருக்குத் தச்சு முடிச்சிட்டான். தன்டய கடைசியா தைக்கலாமெண்டு வெட்டி வச்சவன்... படுத்திட்டான்."

யூசுப் இறந்துபோனதே எனக்குத் தெரியாது.

"அவங்கட வாப்பா ஃபுட்போல் பாக்கிறவரே இல்ல. மகன் தச்ச உடுப்புல பொடியனுகள் ஓடுறத ஒருக்காப் பாக்கோணுமெண்டு அந்த உடம்போட பாதை ஏறி வந்த மனுஷன்."

"இஸ்மாயில் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ஹனிபா!"

ஹனிபா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தம்பிட மௌத்தச் சொல்லியா ஜேர்சி கேப்பான்? வாப்பா பக்கத்தில இருக்கக்க? நீங்க கேட்டீங்களா, ஏன் மாறச் சொல்றீங்க எண்டு?"

கேட்டேன்தான். மஞ்சள் எங்கே என்று கேட்டேன். தைக்க மறந்தீர்களோ என்று கேட்டேன். இதெல்லாம் கேள்விகளா?

அன்றைக்கே கிண்ணியாவுக்குப் போயிருக்கலாம். போயிருக்க வேண்டும். தனி ஆளாக, வெறும் கையோடு. ஆனால் நான் செயலாளர் அல்லவா? செயலாளருக்கு எதையும் முறைப்படிதான் செய்யத் தெரியும். நிர்வாகக் கூட்டம் கூட்டினேன். இன்னொரு ஆட்டம் வைப்போம், கிண்ணியாவில் வைப்போம், நாங்கள் வெள்ளையில் விளையாடுவோம் என்றேன். "நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்? சட்டப்படிதானே நடந்தனாங்கள்" என்றார்கள் இரண்டு பேர். அவர்களைச் சமாதானப்படுத்த ஒரு கிழமை. கடிதம் எழுதித் தபாலில் போட்டுப் பதில் வர இன்னொரு கிழமை. பதில் வந்தது: வாருங்கள். நாள் குறிக்க இன்னும் ஒரு கிழமை...

போனோம். மிதவை கரையைத் தொடும்போதே இஸ்மாயில் தெரிந்தார். விளையாட்டு உடுப்பில் இல்லை. சாரமும் தொப்பியுமாக நின்றார்.

இறங்கியதும் நான் முதலில் கேட்டது, "வாப்பா கிரவுண்டுக்கு வந்திட்டாரோ?"

"வாப்பா போன கிழமை மௌத்தாகிட்டாங்க, செக்ரட்டரி."

என் பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கிய எங்கள் பொடியன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஆட்டத்தை நிப்பாட்டியிருக்கலாமே நானா. ஒரு தந்தி அடிச்சிருந்தால்..."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். உம்மாதான் வேணாமெண்டா. தச்ச உடுப்பு பெட்டியில கிடக்க வேணாம், பொடியனுகள் போடட்டும் எண்டா."

ஆட்டம் நடந்தது. நாங்கள் வெள்ளை. அவர்கள் நீலம். பத்தாவது சட்டையையும் தைத்திருந்தார்கள். யூசுப் வெட்டி வைத்த துணியை உம்மா கையால் தைத்தாராம். காலர் கொஞ்சம் கோணல். அதைப் போட்டுக்கொண்டு அந்த மெலிந்த ஆள் இடதுபுறம் ஓடினார். இஸ்மாயில் விளையாடவில்லை. தன் சட்டையை ஒரு மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே கை கட்டி நின்றார். கடைசி வரை உட்காரவேயில்லை. யாரும் கோல் அடிக்கவில்லை. அடிக்க மனம் வரவில்லை என்று சொன்னால் பொய். எங்களுக்குக் கால் வரவில்லை.

திரும்பும்போது மிதவைக்குக் காத்திருந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன். "நானா, அண்டைக்கு நான் சொன்ன அந்தக் கதை..."

"தெரியாமச் சொன்னது. அத விடுங்க."

"வாப்பா ஏதும் சொன்னவரோ?"

இஸ்மாயில் சொன்னார்: "பஸ்ஸில போகக்க சொன்னாங்க. அந்த செக்ரட்டரிப் பொடியன் நல்ல பொடியன், வெயிலில நிண்ட எனக்கு ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து தந்தான் எண்டு."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. வயதானவர் யார் வந்தாலும் கதிரை போடுவோம்.

"உடுப்பக் கழட்டச் சொன்னதும் நீங்கதான் எண்டு வாப்பாக்குத் தெரியா. நானும் சொல்லல்ல" என்றார் இஸ்மாயில்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு இஸ்மாயில் விளையாடவில்லை. சில வருஷத்தில் புல்மோட்டைப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்விட்டார் என்று கேள்வி. நான் செயலாளராக இருந்த மிச்ச ஒன்பது வருஷமும் எங்கள் மைதானத்துக்கு யார் எந்த நிறத்தில் வந்தாலும், நிறம் ஒத்துப்போனால், மாறியது நாங்கள்தான். ஏன் என்று ஒருவரிடமும் காரணம் கேட்கவில்லை. காரணம் சொல்ல வைப்பதும் ஒரு கொடுமைதானே? தண்ணீரைத் தாண்டி வருகிறவன் கையில் ஒரு பைதான் இருக்கும். நமக்கு அலுமாரி பக்கத்திலேயே இருக்கிறது. என் பிறகு வந்தவர்கள் பழையபடி முறைக்கு மாறிவிட்டார்கள். அதிலும் பிழை சொல்ல மாட்டேன்.

நான் செயலாளராக இருந்த காலத்தில் நாங்கள் தோற்ற ஆட்டங்கள் நிறைய. ஒன்றும் ஞாபகமில்லை. வென்ற ஒன்றுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.