கதவுக்குப் பின்னால் படித்த இங்கிலீசு

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போன மறு வருடம், இனி இங்கிலீசு இல்லாமல் வியாபாரம் நடக்காது என்று வாப்பா முடிவு செய்தார். தம்பிக்குப் பாடம் சொல்லக் கோட்டுச்சேரியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். நான் வயதுக்கு வந்துவிட்டேன் என்று அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியிருந்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்ற ஒரே வெறி. தம்பிக்கோ படிப்பு வேப்பங்காய்.

பாடம் கூடத்தில் நடக்கும். நான் உள்கட்டுக் கதவின் மறைவில் நிற்பேன். வெளி ஆண்களிடம் எங்கள் வீட்டுப் பெண்கள் குரல் காட்டமாட்டார்கள். ஏதாவது கேட்டால் கதவின் நாதாங்கியைத் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

ஒரு வாரம் முழுக்க ‘பிஹைண்ட்’ என்ற ஒரே சொல். கதவுக்குப் பின்னால் நின்றால் பிஹைண்ட். படிப்பில் பின்தங்கினாலும் பிஹைண்ட். மறைவிலிருந்து ஒரு காரியத்தை நடத்துகிறவரும் அதற்கு பிஹைண்ட்தானாம். எனக்கு முதல் நாளே எல்லாம் மனப்பாடம். பேனாவை மைக்கூட்டுக்கு பிஹைண்ட் வைக்கச் சொன்னால், அந்த மண்டு மைக்கூட்டுக்குள்ளேயே விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாதாங்கியை இரண்டு தட்டுத் தட்டினேன்.

வாத்தியார் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்துப் பின்னால் வைத்து, “இப்ப சரியாம்மா?” என்றார். ஒரு தட்டு. அன்று முதல் ஒவ்வொரு பதிலுக்கும் என் தட்டுக்காகக் காத்திருந்தார். இரண்டு மாதத்தில் நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஒருநாள் வாப்பாவிடமே சொல்லிவிட்டார். “பாய், தப்பா எடுத்துக்காதீங்க. தம்பிக்கு ஏறல. உள்ள இருக்கிற பாப்பாவுக்குத்தான் நல்லா வருது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க.”

வாப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

“அந்நிய ஆம்பளைக்குப் பதில் சொன்னியா?”

“நான் வாயே தொறக்கல வாப்பா.”

“தட்டுனேல்ல?”

மீன்காரருக்குத் தட்டலாம், பாடத்துக்குத் தட்டக் கூடாதாம். என்ன நியாயம் இது? உம்மா அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மீன் கழுவுவதைக்கூட நிறுத்தவில்லை. அவர் மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம்.

மறுநாளிலிருந்து பாடம் வாப்பாவின் கடைக்கு மாறியது. பதினைந்து வயதில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

“மாப்புள நல்லா இங்கிலீசு பேசுவாராம்” என்று வாப்பா பெருமையாக என்னிடமே வந்து சொன்னார்.