துரைக்கண்ணுவின் தீர்மானத்துக்கு ஓர் ஆள் கம்மி

நகரசபைச் சேவகன் கொண்டு வந்த சுற்றறிக்கையில்தான் அந்தச் செய்தி இருந்தது. பருப்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தேன். கூட்டத்தின் முதல் விஷயம், தேர்தலில் ஜெயித்து வந்த புதிய அங்கத்தினர்களுக்கு வரவேற்பு. கடைசி விஷயம், அங்கத்தினர் திரு. துரைக்கண்ணு காலமானதற்கு இரங்கல். இரண்டுக்கும் நடுவே ரோடு, விளக்கு, சாக்கடை எல்லாம் இருந்தன. அடியில் சேர்மன் தம் கைப்பட எழுதியிருந்தார்: சிற்றுண்டி ஏற்பாட்டை அம்மாள் வழக்கம்போல் கவனித்துக்கொள்ளவும்.

"எப்பப்பா போனாரு?" என்று கேட்டேன்.

"போன வாரமே போய்ட்டாரும்மா. காய்ச்சல்னு சொன்னாங்க. அடக்கமும் ஆய்டுச்சு."

"எனக்கு யாருமே சொல்லலையே!"

சேவகன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். "சேரியில நடந்தத ஊருக்குள்ள யாரும்மா வந்து சொல்லுவாங்க?"

பாலாற்றுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் அவர். சபையில் இத்தனை காலம் ஒரே மேஜையின் ஒரே ஓரத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் இறந்து மண்ணுக்குள் போன பிறகு, கேசரிக்கு ரவை எவ்வளவு வாங்கவேண்டும் என்ற உத்தரவோடு சேர்ந்து எனக்குச் செய்தி வந்தது. அவரை அறிந்தவர்கள் பலர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறீர்கள். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ஆனால் எழுதவேண்டிய கடமை என்மேல் விழுந்த விதத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஓட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள் அல்ல. சர்க்கார் நியமனம். பெண்களுக்கு ஒன்று, ஆதி திராவிடருக்கு ஒன்று என்று ஒரே நாளில் கொடுத்தார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மளிகை கட்டி வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு வீட்டுச் செலவுக் கணக்கு எழுதி எழுதிக் கை பழகியவள். அவரோ ஒரு தோல் ஷாப்பு துரையிடம் பட்லராக இருந்து ஓய்ந்தவர். முறுக்கிய மீசை, துரை கொடுத்த பழைய கோட்டு, அதன் மேல் பையில் எப்போதும் மடித்து வைத்த ஒரு வெள்ளைக் கைக்குட்டை. நான் அன்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக உள்ளே போனேன். அவர் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி எல்லாரையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு வந்தார்.

வரவேற்பில் புதிய அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் சேர்மன் மாலை போடுவது வழக்கம். எனக்கு, பெண்பிள்ளை என்பதால், தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். துரைக்கண்ணுவின் முறை வந்தது. சேர்மன் மாலையை எடுத்தார். கை பாதி தூரம் போனது. அங்கேயே இறங்கி, மாலையை மேஜை ஓரத்தில் வைத்து, விரல் நுனியால் கொஞ்சம் தள்ளியும் விட்டார். துரைக்கண்ணு மாலையை எடுத்து, நூல் சிக்கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாமே போட்டுக்கொண்டார்.

"பரவால்ல சார். என் கழுத்து எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

சபை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல தமாஷ்காரர் என்று வீட்டுக்கு வந்து என் புருஷனிடம்கூடச் சொன்னேன். தாம்பாளத்தில் வந்த மாலையை சுவாமி படத்துக்குப் போட்டேன். சிரித்ததைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பும் இல்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் நான் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சமையற்கட்டுக்குள் நுழைவேன். பூஜை செய்கிற கை என்று எனக்கு நானே சமாதானம் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஊரில் எது தெரியாமல் இருக்கும்? ஓர் ஐப்பசி மாதம் நல்ல அடைமழை. கூட்டம் கலைகிறபோது, அவர் குடையை விரித்துக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்:

"அம்மா, இந்த மழையில தலைக்கு ஊத்திக்காதீங்க. சளி புடிச்சிக்கும். மேலுக்கு ஊத்திக்கினா போதும்."

குத்தலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். எனக்கு முகம் எரிந்தது. அன்றும் குளித்தேன். சளியும் பிடித்தது. அடுத்த கூட்டத்தில் நான் தும்மியபோது அவர் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய பெரிய சண்டை குழாய்க்காக. தோல் ஷாப்புத் தண்ணீர் இறங்கி அவர்கள் கிணறு கெட்டுப்போயிற்று. சேரிக்கு ஒரு தெருக்குழாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த விஷயத்தை எப்போதும் கடைசியில் போடுவார்கள். அது வருகிற நேரத்தில் ஒவ்வொருவராகப் பின்கட்டுக்குச் சிற்றுண்டிக்கு நழுவுவார்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் உள்ளே இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை இங்கிலீஷில் கோரம் என்பார்கள். கோரம் இல்லை என்று சேர்மன் மணியடித்துவிடுவார். குழாய் அடுத்த மாதத்துக்குப் போகும்.

"என் ஐட்டம் வந்தாலே எல்லாருக்கும் பசி எடுத்துக்குதுங்க. கவர்மெண்டு டாக்டரத்தான் கேக்கணும், இது இன்னா வியாதின்னு" என்றார் ஒருமுறை.

ஒரு நாள் அவர் வாசற்படியில் குறுக்கே நின்று கும்பிட்டார். "ஒரு நிமிஷம் குந்துங்க சாமீ. பஜ்ஜி எங்கியும் ஓடிப்போவாது." அவரைத் தொடாமல் தாண்ட வழியில்லாததால் நாலைந்து பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்! அப்படியும் ஓர் ஆள் குறைந்தது. நான் பலகாரத்தைப் பார்க்க எழுந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நீங்க ஒரு ஆளு குந்திக்கினா போதும்மா" என்றார். உட்கார்ந்தேன். குழாய் நிறைவேறியது. அவர் எழுந்து நின்று சேர்மனுக்குக் கும்பிடு போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் மேடம்" என்று துரைசாணிக்குச் சொல்வது போல் சொன்னார். ஓர் ஆளுக்கு என்ன பெறுமானம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த நாள் அது. கற்றும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று.

இனி, சுற்றறிக்கையில் கண்ட அந்த வரவேற்பு நாள்.

முன்பு ஒரு பெரிய தோல் வியாபாரி அங்கத்தினராக இருந்து காலமானபோது, முதல் விஷயமே இரங்கல். எல்லாரும் எழுந்து நின்று, அவருக்கு மரியாதையாகக் கூட்டத்தையே ஒத்திவைத்து, வீடு வரைக்கும் நடந்து போய்த் தீர்மானத்தை மகன் கையில் கொடுத்தோம். இந்த முறை பழைய அங்கத்தினர் கரீம் சாயபு சேர்மனிடம் அதை நினைவூட்டினார். சேர்மன், "மாலையும் சந்தனமும் வச்சிருக்கிற இடத்துல எடுத்த எடுப்புல சாவுப் பேச்சா? மங்கள காரியம் முதல்ல நடக்கட்டும் சாயபு. இரங்கல் எங்க போவுது?" என்றார். நானும் உள்ளுக்குள் அது சரிதான் என்று நினைத்தேன். விரதமும் பூஜையுமாக இருக்கிறவளுக்கு அந்த நியாயம் சுலபமாகப் பிடிபட்டது.

புதியவர்களுக்கு மாலை விழுந்தது. கைதட்டல், ஏற்புரை, பதிலுரை. சாக்கடைக்கு வந்தபோது நான் எழுந்து பின்தாழ்வாரத்துக்குப் போனேன். தட்டுகளை எண்ணிப் பரப்பினேன். கேசரி, பஜ்ஜி, சட்னி. காபிக்கு வெண்கல டம்ளர்களை வரிசையாக வைத்தேன். எல்லாம் வைத்து முடித்துப் பார்க்கிறேன், ஜன்னல் ஓரத்தில் தனியாக ஓர் எனாமல் குவளையும் வைத்திருக்கிறேன்.

அவருடைய குவளை. அவருக்கென்று ஒதுக்கி, அலமாரியின் கீழ்த்தட்டில் கவிழ்த்து வைக்கிற குவளை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதை எடுத்து ஜன்னலில் வைத்தது என் கைதான். வேறு யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. ஆள் போய்விட்டார் என்று தெரிந்தும் என் கை அவரைத் தனியே வைத்துவிட்டது.

அந்த நேரத்தில் உள்ளே சாக்கடை விஷயம் முடிந்தது. ஒவ்வொருவராக வெளியே வரத் தொடங்கினார்கள். குவளையை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று எனக்கு ஒரு பதற்றம். அலமாரி தூரத்தில் இருந்தது. முந்தானைக்குள் மறைத்தேன். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் வைக்கப் போனேன். அங்கே ஒரு புதிய அங்கத்தினர் நின்று கைகழுவிக்கொண்டிருந்தார்.

கரீம் சாயபு கதவண்டை வந்தார். "தங்கச்சி, உள்ள வாங்க. துரைக்கண்ணு விஷயம் வந்திருச்சு. ஒரு ஆள் கம்மி."

"இதோ வர்றேன் பாய்" என்றேன்.

வந்திருக்கலாம். குவளையைக் கையில் வைத்துக்கொண்டே போய் நின்றிருக்கலாம். அதை ஒளிக்க ஓர் இடம் தேடிக்கொண்டு நின்றேன். யாரோ "அம்மா, சட்னி" என்றார்கள். ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்னி ஊற்றினேன். அதற்குள் சேர்மனே வெளியே வந்துவிட்டார். "கோரம் இல்ல. அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம்" என்று சொல்லித் தட்டை எடுத்தார். கரீம் சாயபு சாப்பிடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த கூட்டத்தில் இரங்கல் முதல் விஷயமாக வந்தது. நான் கேட்டுக்கொண்டேன், கரீம் சாயபு விடாமல் நின்றார். தீர்மானத்தை அவர் பிரேரேபிக்க, நான் ஆமோதித்தேன். எல்லாரும் எழுந்து நின்றோம். நகலை வீட்டில் சேர்க்க யார் போவது என்று சேர்மன் கேட்டபோது ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சேவகனிடம் கொடுத்தால் ஆயிற்று என்றார் ஒருவர். நான் போகிறேன் என்றேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கடனை அடைத்து மனசு லேசாகவேண்டும் என்பதற்காகப் போனேன்.

துரைக்கண்ணுவின் மனைவி பூங்காவனம் அம்மாள் சேரிக் குழாயடியில் இருந்தார். சுற்றிலும் குடங்களோடு பெண்கள். நான் இன்னார் என்று சொன்னதும் எழுந்து வழிவிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"போன மாசமே வருவீங்கன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பினாங்க. ஒறமுறைல்லாம் வந்து குந்திக்கினு இருந்தாங்க" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். குவளையையும் சொன்னேன். கூட இருந்த ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பூங்காவனம் அம்மாள் நிரம்பிய குடத்தை நகர்த்தி வைத்தார்.

"அந்தாளு இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும்" என்றார். அவர் சிரிக்கவில்லை. "சரி, படிங்க."

படித்தேன். 'அன்னாரின் மறைவால் இச்சபை ஆழ்ந்த துக்கமடைகிறது' என்று இருந்தது.

"சபைன்னா யாரும்மா?"

"நாங்க எல்லாரும்தான்."

"எல்லாரும்னா? சேர்மன் ஐயா துக்கப்பட்டாரா?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சாயபு?"

"கண்ணைத் துடைச்சாரு. பாத்தேன்."

"நீ?"

அதுவரை மரியாதையாகப் பேசியவர் நீ என்று கேட்டார். அதுதான் நியாயமான கேள்வி போல எனக்குப் பட்டது.

"அழலை. வெக்கமா இருந்துச்சு. இன்னும் இருக்குது."

பூங்காவனம் அம்மாள் தீர்மானத்தை என் கையிலிருந்து வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார். நாலாக மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இது யார் பேர்ல துக்கம்னே தெரியல. இது எங்களுக்கு வேணாம். இப்ப சொன்னியே, அத எழுதி எடுத்தாந்து படி."

அதனால் எழுதினேன். சபைக்காக எழுதவில்லை. சபைக்காக எழுத எனக்கு உரிமையும் இல்லை. திரு. துரைக்கண்ணு இறந்ததற்கு நான் துக்கப்படுகிறேன். அவர் உயிரோடு இருந்த நாளில் அவரை நடத்திய விதத்துக்கு நான் வெட்கப்படுகிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த வெட்கத்தைத்தான். பூஜையில் உட்காரும்போது இது என்னோடு வந்து உட்காருகிறது. போகச் சொல்லி நான் சுவாமியிடம் வேண்டிக்கொள்வதில்லை.

அச்சாகி வந்ததும் இதை ஆற்றைத் தாண்டி எடுத்துப்போய், அந்தப் பெண்கள் எல்லாரும் இருக்கும்போது உரக்கப் படிப்பேன். பூங்காவனம் அம்மாள் இதையும் மடித்து என் கையில் வைத்தால், திரும்பி வந்து மறுபடியும் எழுதுவேன்.