தைத்த காது

பட்டாள முகாமிலிருந்து ஓடிவந்தவன், பட்டாள விசாரணை நடக்கும் பக்கம் தலைகாட்டக் கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பாளையங்கோட்டைக்குப் போனேன்.

முதல் ஜெர்மன் சண்டை முடிந்த மறுவருஷம். கடல் தாண்டி பஸ்ராவில் மண் வெட்டி ரயில் பாதை போட்ட கூலிப்படையில் நான் இருந்தேன். கப்பல் எங்களைப் பம்பாயில் இறக்கியதும், வேறு ஏதோ தேசத்துக்கு மறுபடியும் ஏற்றப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. விடுதலைச் சீட்டு வாங்காமலே முகாமை விட்டு நடந்துவிட்டேன். ஹூப்ளியில் ஒரு பேரைச் சொல்லி மூட்டை தூக்கினேன். கொல்லத்தில் வேறு பேரைச் சொல்லி ஓட்டுக் காளவாயில் வேலை பார்த்தேன். காக்கித் துணியைக் கண்டால் வழியை மாற்றிக்கொள்வேன். தபால்காரனைப் பார்த்துச் சந்துக்குள் ஒளிந்ததும் உண்டு.

பஸ்ராவில் கூடாரத்தில் எனக்குப் பக்கத்தில் படுத்தவன் நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரன். வாந்திபேதியில் ஒரே பகலில் போய்விட்டான். அவனுடைய தாயைப் பார்த்து, எங்கே புதைத்தோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் அந்த ஊருக்குப் போனேன்.

வாசலுக்கு வந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் அவனும் ஒரே நாளில்தான் படையில் சேர்ந்தோம். அன்று அவள் காதுகள் பாம்படத்தின் கனத்தில் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தன. இப்போது சின்னப் பிள்ளைக்கு இருப்பதுபோல் ஒட்டின காது.

"பெரியம்மா, காது எங்க?"

"அவன் போன சேதி வந்ததும் பாம்படத்தைக் கழத்திட்டேன்லே. வெறுங்காது தோளுல கிடந்து ஆடுச்சு. மிஷன் வேதக்காரப் பொம்பளைக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் அறுத்துத் தச்சு விட்டாளுக."

அதில் வந்தது வினை. மகன் சேர்ந்தபோது, வாரிசு என்று தாயின் அங்க அடையாளத்தைக் கிராம முன்சீப் எழுதிக் கொடுத்திருந்தார். நிறம் கறுப்பு, வயது சுமார் ஐம்பது, இரண்டு காதும் தோள்வரை தொங்கும். அதை எழுதும்போது நானும் பக்கத்தில் நின்றேன். செத்தவர்களின் குடும்பத்துக்கு வர வேண்டிய பென்ஷன் வரவில்லை என்று ஜில்லா முழுவதும் மனுப் போட்டதில், சென்னைச் சட்டசபையிலிருந்து ஒரு கமிட்டி பாளையங்கோட்டைக்கு வரப்போகிறது. அவளுக்கும் சம்மன் வந்திருந்தது.

"நீயும் வா. அன்னைக்கு நீ நின்னேல்லா, நீ சொன்னாப் போதும்."

"என்னைப் பிடிச்சிருவானுக, பெரியம்மா."

"பிடிச்சா உனக்கு ஜெயில்ல சோறு போடுவான். எனக்கு யாருலே போடுவா?"

கூட வருகிறேன், ஆனால் உள்ளே வரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் சர்க்கார் கச்சேரி வாசலில் பத்து மணிக்கே கூட்டம். கை போனவர்கள், கண் போனவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள். அந்தக் காலத்துப் பர்மா சண்டைக்குப் போன கிழவர் ஒருவர், கோட்டில் மெடல் குத்திக்கொண்டு, ஒவ்வொருவராகக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"எந்தப் பட்டாளம் வே?" என்று என்னிடம் கேட்டார்.

"பட்டாளம் இல்ல அண்ணாச்சி. இந்தம்மாகூட வந்தேன்."

"நிக்கிற நிலை பட்டாளத்து நிலையால்லா இருக்கு. மம்பட்டிப் பட்டாளமோ? வெள்ளைக்காரன் மெடல்ல மம்பட்டி படம் போட்டுத் தருவானே, தரலியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உடனே கால்களைத் தளர்த்திக் கோணலாக நின்றுகொண்டேன்.

ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய வக்கீல் ஒருவர், ஜமீன்தார் ஒருவர், வெள்ளைக்காரப் பட்டாளத்துரை ஒருவர். ஓரத்தில் ஒரு டாக்டர். முதலில் கூப்பிட்ட பெண், செத்துப்போன சிப்பாயின் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு போனாள். நாலு கேள்வியில் அவள் அவன் அண்ணன் பெண்டாட்டி என்று தெரிந்துவிட்டது. போலீஸ்காரன் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தான். அவளுக்காகச் சாட்சி சொன்ன அவள் ஊர் முன்சீப்பை அந்த இடத்திலேயே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்து பெரியம்மா. குமாஸ்தா அங்க அடையாளத்தை வாசித்தான். எல்லோரும் அவள் காதைப் பார்த்தார்கள்.

"அறுத்துத் தச்சுட்டேன் சாமி," என்றாள்.

"காதையே மாத்திட்டு வந்தா, நீதான் அந்த ஆளுன்னு எப்படி நம்புறது?" என்றான் குமாஸ்தா. ஜமீன்தார் சிரித்தார்.

அவளுடைய ஊர் முன்சீப்பைக் கேட்டார்கள். நேற்றுவரை அவளோடு பேசியவர்தான். தூணைப் பிடித்து நின்ற முன்சீப்பை ஒருதரம் பார்த்தார். "நான் எழுதுன பொம்பளைக்குக் காது நீளமா இருந்துதுங்க. எழுத்துல உள்ளதைத்தான் நான் சொல்ல முடியும்," என்றார். போலீஸ்காரன் இரண்டு அடி முன்னால் வந்தான்.

பெரியம்மா என் பக்கம் திரும்புவாள் என்று பயந்தேன். அவள் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காதுக்குப் பின்னால தடவிப் பாருங்கய்யா, தையல் தட்டுப்படும்," என்றேன். ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் சொன்னேன். ஆனால் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் எழுந்து வந்து தடவினார். தையல் இருக்கிறது, ஆனால் காது தைத்த பெண்கள் இந்த ஜில்லாவில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்றார்.

"உள்ளே வா. நீ யார்?" என்றார் வக்கீல்.

உள்ளே போனேன். இவள் மகனும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம், அந்தக் காகிதத்தை எழுதும்போது பக்கத்தில் நின்றேன், இவள்தான் அந்தத் தாய் என்றேன். பேர் கேட்டார்கள். ஹூப்ளிப் பேர் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொன்னால் படையாட்களின் பேர் ஜாப்தாவில் தேடுவார்கள், இருக்காது. பொய்ச் சாட்சி என்று என்னோடு அவளையும் கொண்டுபோவார்கள். என் பேரையும், அப்பா பேரையும், நம்பரையும் சொன்னேன். துரை குறித்துக்கொண்டார்.

"விடுதலைச் சீட்டு எங்கே?"

"இல்லைங்க."

துரை ஏதோ இங்கிலீஷில் சொன்னார். வக்கீல் பதில் சொன்னார். பிறகு என்னிடம், "அது வேறு விசாரணை. உன் வாக்குமூலத்தை எழுதி வைப்பார்கள். மத்தியானம் வந்து ரேகை வை. வைக்காவிட்டால் இந்த அம்மாளுக்கு இது உதவாது," என்றார்.

இரண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வெளிவாசலில் காவல் இல்லை. எழுந்து நடந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. மூன்று தடவை எழுந்தேன். மூன்றாவது தடவை வாசல்வரை போனேன்.

"வயிறு சரியில்லையோ வே?" என்றார் மெடல் கிழவர். இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை. மடியிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து நீட்டினார்.

பெரியம்மா மைதானத்தின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்திருந்தாள். சீட்டில்லாதவனோடு பேசினால் தன் காரியமும் கெட்டுவிடும் என்று பயம். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கூப்பிட்டார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்றேன். குமாஸ்தா கேட்கவில்லை. கட்டைவிரலில் மையைத் தடவி இரண்டு இடத்தில் அழுத்தினான்.

"உன் நம்பரைப் பம்பாய்க்கு எழுதிக் கேப்பாங்க. பதில் வர்றவரைக்கும் எங்க இருப்பே?"

"நாங்குநேரியில," என்றேன்.

அன்றைக்கு இரவோடு இரவாக நாங்குநேரியைத் தாண்டி நடந்தேன். வள்ளியூரில் ஒரு வண்டியில் தொற்றி நாஞ்சில் நாட்டுப் பக்கம் போய்விட்டேன். அடுத்த தை மாதம் வள்ளியூர்ச் சந்தையில் அந்தக் கிராமத்து வண்டிக்காரனைப் பார்த்தேன். பெரியம்மாவுக்குப் பென்ஷன் உத்தரவாகிவிட்டது என்றான். "உன்னையும் யாரோ..." என்று அவன் தொடங்கியபோது, நான் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். யாரோ பிடிக்கத் தேடி வந்தார்கள் என்று சொல்ல வந்தானா, யாரோ நலம் விசாரித்தார்கள் என்று சொல்ல வந்தானா, தெரியாது. இத்தனை வருஷமாகியும் அந்த ஊருக்குப் போய்க் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.