ஆடை எடுத்த பால்

காய்ச்சிய பாலின் ஆடை மேலுதட்டில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பிசுபிசுப்பை நாக்கால் வழித்துச் சுவைத்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கள் மாட்டுப் பாலைச் "சொசைட்டி" என்கிற பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றினோம். அங்கே கொழுப்பைப் பார்த்துத்தான் பாலுக்கு மதிப்பு என்பதால், "கொழுப்பு கம்மி" என்று யாராவது சொல்லிவிட்டால் அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட வீட்டில், நான் நாலாம் வகுப்பு படிக்கையில் என் கடைவாய்ப்பல்லில் சொத்தை விழுந்தது. பாலக்காட்டுப் பல் டாக்டர் ஓட்டையை அடைத்துவிட்டு, இது போனால் மறுபடி முளைக்காத பல், மிட்டாயைக் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்றார். என் உருண்டைக் கன்னத்தைப் பார்த்து, ஆடை எடுத்த பாலே இவளுக்குப் போதும், பல்லுக்கு வேண்டிய கால்சியம் ஆடையோடு போய்விடாது என்றும் சொன்னார். அம்மா பஸ்ஸிலேயே குழம்பத் தொடங்கிவிட்டாள்.

"ஏனுங்க, சத்தையெல்லாம் எடுத்துப்போட்டு வெறுந்தண்ணியக் குடுக்கச் சொல்றாரே, அதுல பல்லு எப்படீங்க நிக்கும்?"

"எனக்கும் ஒண்ணும் புரியல. படிச்சவரு சொல்றாரு, செஞ்சு பாரு" என்றார் அப்பா.

அம்மா ஆடையை எடுத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. பெற்ற பிள்ளைக்கே கலப்படப் பால் கொடுக்கிற மாதிரி இருந்ததோ என்னவோ, எடுத்த சத்துக்கு ஈடாகச் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். மிட்டாய் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பாலில் போடும் சர்க்கரையை எங்கள் வீட்டில் யாரும் இனிப்பாகவே நினைத்ததில்லை. அடுத்த வருஷம் அந்தப் பல்லைப் பிடுங்கும்படி ஆயிற்று. இவள் மிட்டாயே தின்னவில்லை என்று அம்மா சத்தியம் செய்ய, டாக்டரும் குழம்பிப்போய் நின்றார்.

போன மாதம் என் மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, "பாலில் சர்க்கரை போடுவீர்களா?" என்று அவர் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது மாடுகள் இல்லை, தொழுவத்தில் அப்பாவின் ஸ்கூட்டர் நிற்கிறது. கொழுப்பு குறைந்த கவர் பாலை என் மகள் சர்க்கரையில்லாமல் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா கண் கலங்குவாள்.

"நாந்தான் அம்மிணி உன்ற பல்லைக் கெடுத்துப்போட்டேன். அன்னைக்கு அந்த ஆடைய எடுத்திருக்கக் கூடாது."

ஆடை ஒன்றும் செய்யவில்லை அம்மா என்று சொல்ல வாயெடுப்பேன். சொன்னால், பின்னே எதனால் என்று கேட்பாள். ஆடையை எடுக்கச் சொன்னது டாக்டர். சர்க்கரை, அவளே ஆசையாகப் போட்டது.