நாலாம் மாடியும் ஒரு பாலைவன அருவியும்

என் முழங்காலைச் சாட்டாக வைத்து என் கணவர் வீடு மாறப் பார்த்தார். பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நாங்கள் இருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடி. எனக்கு வலது முழங்காலில் செயற்கை மூட்டு வைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவர் நகரத்துக்கு வெளியே வில்லியே லே பெல்லில், தன் தமையன் வீட்டுக்குப் பக்கத்தில், படியே இல்லாத ஒரு வீட்டைப் பார்த்து வைத்துவிட்டார். விடுமுறை முடிந்து வந்ததும் பதில் சொல்லவேண்டுமாம்.

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இருபத்தொரு வருடமாக இருக்கும் வீடு அது. கீழே இறங்கினால் கடை, கோயில், மெத்ரோ ரயில் எல்லாம் காலடியில். அங்கே போனால் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஆனால் நான் வாயைத் திறந்தாலே, "உம்மட காலுக்காகத்தான் சொல்லுறன்" என்று அவர் அடைத்துவிடுவார்.

அந்த விடுமுறைக்கு மகள் எங்களைத் துனீசியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தெற்கே, பாலைவனத்து மலைக்குள் ஓர் அருவி இருக்கிறது என்றாள். வழியெல்லாம் உப்புத் தரையும் மண்ணும்தான். நான் நம்பவில்லை. இருந்தாலும் காலையிலேயே தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆறும் கிடையாது, அருவியும் கிடையாது. கிணற்றில் அள்ளி வார்த்து வளர்ந்தவளுக்கு அருவி என்றால் முழுக்குத்தான். எண்ணெய் மணம் தாங்காமல் மகள் கார்க் கண்ணாடியை இறக்கி விட்டாள்.

கார் நிற்கும் இடம் மேலே இருந்தது. தேநீர்க் கடை, தொப்பிக் கடை, பிளாஸ்டிக் கதிரைகள். அருவி கீழே பள்ளத்தில். பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. காரோட்டி நான் நடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு ஒரு கதிரையை நிழலில் இழுத்துப் போட்டு, "மதாம் இங்கேயே இருக்கட்டும்" என்று பிரெஞ்சில் சொன்னார். கணவருக்கு அது போதும்.

"நீர் இஞ்சையே இரும். நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டு வாறம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் கீழ போயிட்டு, ஒருத்தற்ர கையும் பிடிக்காமல் திரும்பி ஏறி வந்தனெண்டால், வீடு மாறுற கதையை விடுவியளோ?"

"ஓம், விடுறன். ஏலாட்டி?"

"ஏலாட்டி அடுத்த மாசமே சாமான் கட்டுறன்."

சொன்ன பிறகுதான் படிகளை எட்டிப் பார்த்தேன். மகள் "அலே, மமோ", நடவுங்கோ அம்மா என்று பிரெஞ்சில் உசுப்பிவிட்டு என் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

இறங்கும்போது நோகிற கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். வைத்தியசாலையில் பழக்கிய அந்த வரிசையில்தான் ஒவ்வொரு படியாக இறங்கினேன்; அவரும் மகளும் பின்னால் வந்தார்கள். கீழே செம்மண் நிறப் பாறையிலிருந்து உண்மையாகவே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் நீச்சலுடையில் நின்று காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போட்டிருந்த உடுப்போடே நேராக அதற்குக் கீழே போய் நின்றேன். குளிர் மண்டையைப் பிளந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் குளித்ததில்லை.

ஏற்றம்தான் உயிரை எடுத்தது. ஈரத் துணி இழுத்தது, பாதிவழியில் மூட்டு நெருப்பாக எரிந்தது. நிற்கவில்லை. யார் கையையும் தொடவில்லை. மேலே வந்து, வெற்றியைக் காட்டத் திரும்பினால், பின்னால் அவரைக் காணவில்லை.

நடுவழியில் ஒரு படியில் உட்கார்ந்திருந்தார். மகள் தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தாள். வந்த வழியே மறுபடி இறங்கினேன்.

"ஒண்டுமில்லை. மூச்சு வாங்குது" என்றார். "வீட்டிலயும் இப்பிடித்தான். ரெண்டாம் மாடியில நிண்டு நிண்டுதான் வாறனான்."

"பிறகேன் என்ர காலில பழியைப் போட்டனீங்கள்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "காலை வெட்டித் தைச்ச நீர் ஏறுறீர். எனக்கு ஏலேல்லை எண்டு என்னண்டு சொல்லுறது?"

திட்டத்தான் வாய் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "போன உடன முதல் வேலையா டொக்டரிட்டக் காட்டுறம். இப்ப என்ர தோளைப் பிடியுங்கோ" என்றேன். நான் யாரையும் பிடிக்கக்கூடாது என்பதுதான் பந்தயம். என்னை அவர் பிடிக்கக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

மூன்று படிக்கு ஒருதரம் நின்று, இரண்டாம் தடவையாக மேலே வந்தேன். காரோட்டி எழுந்து, எனக்கென்று போட்ட கதிரையை அவருக்குக் கொடுத்தார். மூச்சு அடங்கியதும் கணவர் தானாகவே தமையனுக்குப் போன் போட்டார்.

"அண்ணை, அந்த வீட்டை வேற ஆருக்காவது குடுக்கச் சொல்லுங்கோ. பந்தயத்தில தோத்திட்டன், இவ படி ஏறிட்டா. என்னையும் ஏத்திக்கொண்டு வந்திட்டா."