விசிறி ஓயாத அறை

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கும் லோகேஸ்வரி யாரையும் இலேசில் நம்பிவிட மாட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கிள்ளானில் ஒரு பேரங்காடி வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் ரசீதையும் ஒத்துப் பார்ப்பதே இருபத்திரண்டு வருஷம் அவளுக்கு வேலை. கைக்குழந்தையின் வண்டிக்குள் பால்மாவு டின்னை ஒளித்துத் தள்ளிக்கொண்டு போன மகராசிகளையெல்லாம் பார்த்தவள்.

ஓய்வு பெற்றதும் பின்னறையை வாடகைக்கு விட்டாள். தமிழ்நாட்டில் தேவகோட்டையிலிருந்து படிக்க வந்த மெய்யப்பன் குடியேறினான். வம்புதும்பு கிடையாது, பேச்சும் கிடையாது. அதுவே அவளுக்கு முதல் உறுத்தல்.

"என்ன படிக்கிற?"

"கம்ப்யூட்டேஷனல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்ல மாஸ்டர்ஸ், ஆன்டி. பம்புக்குள்ள சுத்துற பிளேடு எங்க விரிசல் விடும்னு கம்ப்யூட்டர்லயே கணக்குப் போட்டுப் பாக்குறது."

மெக்கானிக்கல் என்றானே என்று, மக்கர் பண்ணிய மிக்ஸியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அரை மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "கடையில குடுத்துடலாமே, ஆன்டி" என்றான். இவன் இன்ஜினியர் இல்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அவன் அறையில் பெரிய கறுப்புக் கணினி ஒன்று இருந்தது. அது ஓய்ந்து அவள் பார்த்ததில்லை. உள்ளே விசிறி இரைந்துகொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். சுவிட்ச் பக்கத்தில் 'அணைக்க வேண்டாம்' என்று தாள் வேறு ஒட்டியிருந்தான். அந்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எங்கோ கடைவீட்டில் மின்சாரத்தைத் திருடி பிட்காயின் எடுத்தவர்களைப் போலீஸ் பிடித்ததாம். படத்தில் இருந்த பெட்டியும் விசிறியும் அவள் வீட்டுப் பின்னறையில் இருந்தது போலவே இருந்தன. மீட்டர் அவள் பேரில்தான் இருக்கிறது. போலீஸ் வந்தால் விலங்கும் அவள் கைக்குத்தான்.

வியாழக்கிழமை அவன் பல்கலைக்கழகம் போனதும் அறைக்குள் நுழைந்தாள். திரையில் வரிவரியாக எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேறென்ன சாட்சி வேண்டும்? நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். விசிறி அடங்கியதும்தான் அவளுக்கு மூச்சு சீரானது. ஆற அமரத் தேநீர் குடித்துவிட்டு சுவிட்சை ஏற்றினாள். கணினி தானாக எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் திரும்பியவன் அறைக்குள் போன வேகத்தில் முகம் வெளுத்து வந்தான்.

"கரண்ட் போச்சா, ஆன்டி?"

"ஆமாலா, போச்சு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அது பதினோரு நாளாக ஓடி, முடியும் தறுவாயில் இருந்த கணக்கு. செவ்வாய்க்கிழமை பேராசிரியரிடம் முடிவைக் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை. விசாவும் இந்த மாதத்தோடு சரி, வெறுங்கையோடு ஊருக்குப் போகவேண்டியதுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "தப்பு என்மேலதான், ஆன்டி. கரண்ட் போனா தாங்குற பேட்டரி ஒண்ணு வாங்கி வச்சிருக்கணும்" என்றான்.

பேரங்காடி வாசலில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள்கூட அவளிடம் தப்பை ஒப்புக்கொண்டதில்லை. இவனோ செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொள்கிறான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கரண்ட் போகலை. நான்தான் அடைச்சேன். நீ பிட்காயின் பண்றேன்னு நெனச்சிட்டேன்."

அவன் எழுந்தான். உள்ளே போய்க் கணினியைத் துழாவினான். நான்கு நாளைக்கு முன் சேமித்த கோப்பு ஒன்று அகப்பட்டது. அங்கிருந்து தொடங்கினால், நடுவில் நிற்காமல் ஓடினால், திங்கள் மாலை முடியும்.

அதன் பிறகு அவன் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. அவள் தோசை சுட்டுக் கொடுத்தால், "வேணாம் ஆன்டி, டெலிவரி சொல்லிட்டேன்" என்றான். மெயின் சுவிட்சைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போகவேண்டும். அவள் எழுந்தாலே அவன் அறைக்கதவு விரற்கடை திறக்கும். அவள் திரும்பி வந்து உட்காரும்வரை மூடாது. பேச்சில் மட்டும் மரியாதை குறையவில்லை.

திங்கள் மாலை கணக்கு முடிந்தது. "முடிஞ்சிருச்சு ஆன்டி, நாளைக்குக் குடுத்திடலாம்" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. "நல்லா இருப்பா" என்று சொல்லிக்கொண்டே நடைவிளக்கைப் போடக் கையை நீட்டினாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கண் அவள் கைக்குப் போனது. விளக்கு எரிந்த பிறகும் அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். லோகேஸ்வரிக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.