ஆஸ்பத்திரி நாளில் மட்டும் அழகான புண்

பெயிண்ட் மாஸ்டர் மாடியிலிருந்து இறங்குவதற்குத் தனி வழி ஒன்று வைத்திருந்தார். படியில் உட்கார்ந்து, வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நழுவுவார். மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி. மாதத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இந்தப் பயணம். மற்ற நாளெல்லாம் பத்துக்குப் பத்து அறையும் ஒரு ஜன்னலும்தான். பெயிண்ட் அடிக்கக் கட்டிய சாரத்தின் உச்சியில் நின்று ஊரையே கீழே பார்த்த மனுஷன், கட்டிலிலிருந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் சாரப் பலகை புரண்டு, முழங்காலுக்குக் கீழே ஆணி ஏறிவிட்டது. "கடுகளவு புண்ணுக்கு ஆஸ்பத்திரியா?" என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். கடுகு புளியங்கொட்டையாகி, உள்ளங்கையாகிவிட்டது. சர்க்கரை வியாதி கிடையாது. மாத்திரையும் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. மேலே பொருக்குத் தட்டும், நம்பிக்கை வரும். நாலாம் நாள் பொருக்குக்கு அடியிலிருந்து பச்சையாக நீர் கசியும். கூடவே அந்த வாடை.

வலியைப் பொறுத்தார், வாடையைப் பொறுக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்தால் ஈ வந்தது, மூடினால் மூச்சு முட்டியது. அவர் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய்ச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"அங்க என்ன இருக்கு?"

"காத்து வருது."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

போன தடவை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார், "ஏன் ஆறலைன்னே தெரியல. எலும்பைத் தொட்டுட்டா காலை எடுக்கற மாதிரி ஆயிடும்." ஒற்றைக் காலோடு சாரம் ஏற முடியாது. இந்த அறை ஆயுள் தண்டனையாகிவிடும்.

பெயிண்ட் அடிக்கும் வீட்டின் சொந்தக்காரர் வேலையைப் பார்க்க வரும் நாளில், தரையில் ஒரு சொட்டு பெயிண்ட் இருக்கக் கூடாது என்பது மாஸ்டரின் தொழில் சுத்தம். புண்ணுக்கும் அதே சட்டம்தான். ஆஸ்பத்திரி நாளன்று காலையில் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு, கிருமிநாசினி மருந்தை அரை பாட்டில் ஊற்றி, சீழ் போகத் துடைத்து, ரோஜா நிறம் தெரிந்த பிறகுதான் புதுக் கட்டுப் போடுவார். நாலு பேர் பார்க்கிற இடமல்லவா!

இந்தத் தடவை மனைவியும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். சிஸ்டர் கட்டைப் பிரித்து, "பாக்க ஒண்ணும் மோசமில்லையே" என்று பஞ்சுக் குச்சியால் மேலே தடவி எடுத்தார். அதைத்தான் சோதனைக்கு அனுப்புவார்கள்.

"இங்க வர்ற அன்னைக்கு மட்டும் இது மாப்பிள்ளை கோலம் சிஸ்டர்," என்றாள் மனைவி. "நேத்து பாத்திருக்கணும் நீங்க."

"ஏன், இவரு என்ன பண்றாரு?"

அவள் சொன்னாள். மாஸ்டர் மேற்கூரையைப் பார்த்தார்.

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அட மாஸ்டர்! திருடனை நீங்களே துரத்திட்டு, அப்புறம் போலீசைக் கூப்பிட்டா எப்படி? மேல மிச்சம் இருக்கற ஒரு கிருமிதான் எங்களுக்குச் சிக்குது. அதுக்குத்தான் இத்தனை நாள் மாத்திரை."

"ஒண்ணுதானே இருக்கு?"

"யார் சொன்னா? மேல இருக்கறது காத்தையெல்லாம் தின்னுடும். காத்தே ஆகாத கிருமி அடியில சுகமா இருக்கும். எல்லாம் சேந்து பிசின் மாதிரி சுரந்து போர்வை போட்டுக்கும். ஒண்ணைக் கொன்னா இன்னொண்ணு அந்த இடத்துக்குக் குடி வந்துடும். கூட்டுக் குடித்தனம் மாஸ்டர்! வெள்ளிக்கிழமை வாங்க. அதுவரைக்கும் மருந்து ஊத்தக் கூடாது, துடைக்கவும் கூடாது."

வெள்ளிக்கிழமை அவர் புண்ணின் முழு வாடையோடு இறங்கினார். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்திலிருந்தவர் எழுந்து தூணோரம் போய் நின்றார். மாஸ்டரின் காது சூடாகிவிட்டது. மனைவி மட்டும் நகராமல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணைச் சுரண்டி, அடியாழத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையை வெட்டி எடுத்தார். பிறகு மெல்லிய கம்பியை உள்ளே விட்டார். மாஸ்டர் மூச்சை நிறுத்திக்கொண்டார்.

"எலும்பு தட்டுப்படல. ஒரு எக்ஸ்ரே படம் எடுத்தும் பாத்துடலாம்."

அடுத்த வாரம் முடிவு வந்தது. கிருமி மூன்று வகை. படத்தில் எலும்பு சுத்தமாக இருந்தது. இரண்டு புது மருந்து, வாரம் ஒரு சுரண்டல்.

"மூடித் தைச்சுடலாமே சிஸ்டர்?"

"மூடினா கிருமி உள்ளயே பிள்ளை குட்டி பெத்துக்கும். அடியிலருந்துதான் ஆறி வரணும். ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசம் அதே ரூமா?"

"ரெண்டு காலோட, மாஸ்டர்!"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தானும் சிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. அறுபது நாளைக் கணக்குப் பார்த்த முகத்தில் சிரிப்பு வர மறுத்தது. "சரி, சுரண்டுங்க" என்று காலை நீட்டினார்.